சைமன் ஷ்வெண்டனர்: ஒன்றுக்குள் இரண்டைக் கண்ட தாவரவியல் ஆசிரியர்

சைமன் ஷ்வெண்டனர் (பிப்ரவரி 10, 1829 – மே 27, 1919) சுவிட்சர்லாந்தில் பிறந்த தாவரவியல் பேராசிரியர். லைக்கன்கள் தனித் தாவரங்கள் அல்ல, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து உருவாக்கும் கூட்டு உடல்கள் என்று 1867ஆம் ஆண்டில் அறிவித்தவர். மியூனிக், பாசெல், டியூபிங்கன், பெர்லின் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். தாவரத்தின் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு ஆராயும் முறையைத் தம் மாணவர்களுக்குப் பழக்கினார். அம்மாணவர்களில் சிலர் பாலைவனத்துக்கும் வெப்பமண்டலக் காட்டுக்கும் சென்று செய்த ஆய்வுகள், தாவரச் சூழலியல் என்ற துறை உருவாக உதவின.

லைக்கன் என்பது என்ன?

மரப்பட்டையிலும் பாறையிலும் பழைய கோயில் மதிலிலும் சாம்பல், பச்சை, மஞ்சள் நிறங்களில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பவை லைக்கன்கள். சில வகைகள் மேலே தடவிய சுண்ணாம்புபோல் ஒட்டியிருக்கும். சில இலைபோல் விரியும். சில தாடிபோல் கிளையிலிருந்து தொங்கும். உலகில் சுமார் 20,000 சிற்றினங்கள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

தமிழர்களுக்கு லைக்கன் புதிய பொருள் அன்று. செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு சேரும் கல்பாசி ஒரு லைக்கன்தான். கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு, உலர்ந்த பட்டைத்துண்டுபோல் இருக்கும் அதைப் பலரும் ஏதோ ஒரு செடியின் பாகம் என்று எண்ணுகிறார்கள். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி மட்டும் அன்று. அதன் உடலில் பெரும்பகுதி பூஞ்சை. பூஞ்சை இழைகளுக்கு நடுவே மெல்லிய அடுக்காகப் பச்சைப் பாசிச் செல்கள் இருக்கின்றன. இன்று பள்ளி மாணவர் இதை ஒரே வரியில் எழுதி மதிப்பெண் பெறுகிறார். அந்த ஒரு வரியை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

ஷ்வெண்டனருக்கு முன்

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்குப் பெயரிட்டபோது சுமார் 80 லைக்கன்களை ஒரே பேரினத்தில் அடக்கிவிட்டார். அவருடைய மாணவர் எரிக் அக்காரியஸ் 1803இலும் 1810இலும் வெளியிட்ட நூல்களில் லைக்கன்களை விரிவாக வகைப்படுத்தினார். அதனால் அவர் லைக்கனியலின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். அதற்குப் பின் பாசிகள், பூஞ்சைகள், மாசிகளைப் போல லைக்கன்களும் தாவர உலகின் ஒரு தனிப் பிரிவு என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

லைக்கனை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமற்ற இழைகளும், அவற்றிடையே பச்சை நிற உருண்டைகளும் தெரியும். வால்ரோத் என்ற ஜெர்மானியர் 1825இல் இந்த உருண்டைகளுக்குக் கோனிடியா என்று பெயர் வைத்தார். அவை லைக்கனின் இனப்பெருக்கச் செல்கள் என்பது அவர் கருத்து. இழைகளின் நுனி பருத்துப் பச்சை உருண்டை உண்டாகிறது என்றே பின்வந்தவர்கள் பலரும் எழுதினார்கள்.

ஜெர்மானிய அறிஞர் அன்டோன் டி பாரி 1866இல் ஓர் ஐயத்தை எழுப்பினார். கூழ்போன்ற சில லைக்கன்கள் மட்டும், பூஞ்சை புகுந்த நீலப்பச்சைப் பாசிகளாக இருக்கலாமோ என்றார். ரஷ்ய நாட்டின் ஃபாமின்ட்சினும் பரனெட்ஸ்கியும் 1867இல் பச்சை உருண்டைகளைத் தனியே பிரித்து வளர்த்தனர். அவை லைக்கன் இல்லாமலே வாழ்ந்தன, பெருகின. ஆனால் அவர்கள் எடுத்த முடிவு வேறு. தனிப் பாசிகள் என்று நாம் நினைப்பவை உண்மையில் லைக்கனிலிருந்து பிரிந்து வந்தவை என்று எழுதினார்கள். சோதனை சரியாக இருந்தும், பழைய நம்பிக்கை முடிவைத் திருப்பிவிட்டது.

பிறப்பு, கல்வி

ஷ்வெண்டனர் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மாநிலத்தில் உள்ள பூக்ஸ் என்ற ஊரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். இளமையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஜெனீவாவிலும் சூரிச்சிலும் இயற்கை அறிவியல் பயின்றார். 1856இல் சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றார். தாவரங்களில் ஆண்டுதோறும் பருவத்தை ஒட்டித் திரும்ப நிகழும் மாற்றங்களே அவருடைய ஆய்வுப் பொருள். செடிக்கும் அது வாழும் சூழலுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே அவர் கவனத்தில் இருந்தது என்பதற்கு இது சான்று.

சூரிச்சில் அவருக்குக் கார்ல் நேகெலி என்ற பெரிய தாவரவியலாளரின் தொடர்பு கிடைத்தது. நேகெலி 1857இல் மியூனிக் சென்றபோது ஷ்வெண்டனரும் உதவியாளராக உடன் சென்றார். 1860இல் அங்கே விரிவுரையாளராகத் தகுதி பெற்றார். இருவரும் சேர்ந்து நுண்ணோக்கி பற்றி எழுதிய நூல் 1865 முதல் 1867 வரை வெளியானது. கண்ணாடியில் ஒளி எப்படி வளைகிறது, நாம் காணும் உருவத்தில் எது உண்மை, எது கருவி தரும் மயக்கம் என்று விளக்கும் நூல் அது. லைக்கன் பற்றிய முடிவுக்கு இந்தப் பயிற்சியே அடித்தளம்.

1867ஆம் ஆண்டு அறிவிப்பு

மியூனிக்கில் ஷ்வெண்டனர் லைக்கன்களின் உடலமைப்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1860, 1863, 1868 ஆகிய ஆண்டுகளில் அந்த ஆய்வுகள் மூன்று பகுதிகளாக வெளிவந்தன. தொடக்கத்தில் அவரும் இழையிலிருந்தே பச்சை உருண்டை பிறக்கிறது என்ற பழைய கருத்தையே கொண்டிருந்தார். ஆனால் சீவல்களைத் தொடர்ந்து பார்க்கப் பார்க்க அந்தக் கருத்து நிற்கவில்லை. பச்சைச் செல்கள் தாமாகவே பிளந்து பெருகின. இழைகள் அவற்றை நோக்கி வளர்ந்து, சுற்றி வளைத்துப் பற்றின. இழைகள் எல்லா வகையிலும் பூஞ்சை இழைகளை ஒத்திருந்தன. பச்சைச் செல்களோ ஈரச் சுவரிலும் மரப்பட்டையிலும் தனியே வாழும் பாசிகளை ஒத்திருந்தன.

1867ஆம் ஆண்டு அவர் பாசெல் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அதன் தாவரவியல் பூங்காவின் இயக்குநரும் ஆனார். அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ரைன்ஃபெல்டன் நகரில் சுவிஸ் இயற்கை அறிவியலாளர் கழகத்தின் கூட்டம் நடந்தது. அங்கே அவர் தம் முடிவை அறிவித்தார். லைக்கன்கள் தனித்து நிற்கும் தாவரங்கள் அல்ல. அவை பாசிகளோடு இணைந்த பூஞ்சைகள் என்பதே அவருடைய கூற்று. இது இரட்டைக் கோட்பாடு என்று பெயர் பெற்றது. டி பாரி சில லைக்கன்களுக்கு மட்டும் ஐயமாகச் சொன்னதை இவர் எல்லா லைக்கன்களுக்கும் விதியாகச் சொன்னார்.

1869இல் வெளியிட்ட நூலில் அவர் பச்சை உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்தப் பாசி வகை என்று காட்டினார். நாஸ்டாக் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் சில லைக்கன்களிலும், பசும்பாசிகள் மற்றவற்றிலும் இருந்தன. இந்நூலில்தான் அவர் பின்னாளில் பெரிதும் பேசப்பட்ட ஓர் உவமையைப் பயன்படுத்தினார். பூஞ்சை எசமான் என்றும், அது பிடித்து வைத்து வேலை வாங்கும் அடிமைகள் பாசிகள் என்றும் எழுதினார். சிலந்தி தன் இரையைச் சுற்றி வலை பின்னுவதுபோல் பூஞ்சை பாசியைச் சுற்றுகிறது, ஆனால் கொல்வதில்லை என்பது அவர் விளக்கம்.

எதிர்ப்பு

இந்தக் கருத்து லைக்கன் அறிஞர்களிடையே கடும் கோபத்தை உண்டாக்கியது. வில்லியம் நைலாண்டர் அவர்களில் முதன்மையானவர். பின்லாந்தைச் சேர்ந்த இவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்து, பிறகு பாரிஸில் குடியேறியவர். அவர் சாதாரண அறிஞர் அல்லர். லைக்கன்மேல் ஒரு சொட்டு வேதிக்கரைசலை விட்டு, நிறமாற்றத்தைக் கொண்டு இனம் காணும் முறையை 1866இல் அறிமுகப்படுத்தியவர் அவரே. அது இன்றும் பயன்படுகிறது. பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் வளர்வதையும் நகரின் மற்ற இடங்களில் அவை அருகிவிட்டதையும் கண்டு, காற்றின் தூய்மையை அளக்க லைக்கன்கள் உதவும் என்று அதே ஆண்டு எழுதியவரும் அவரே. அத்தகைய கூர்மையான பார்வை கொண்டவர், 1899இல் மறையும் வரை இரட்டைக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் குரோம்பி என்ற பாதிரியார், கொடுங்கோலன் ஒருவனிடம் சிறைப்பட்ட கன்னியின் கதைபோல் இருக்கிறது என்று பூஞ்சையையும் பாசியையும் வைத்துக் கேலி செய்தார். ஷ்வெண்டனரின் நாட்டவரான ஜெனீவாவின் முல்லரும் எதிர்ப்பாளர்களில் ஒருவர்.

எதிர்த்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒட்டுண்ணி தாக்கினால் உயிர் நலியும் என்பதே அனைவரும் கண்டது. லைக்கனுக்குள் இருக்கும் பாசியோ நலியாமல் பெருகுகிறது. பூஞ்சையும் பாசியும் தனியே வாழ முடியாத வெயில் காயும் பாறையில் லைக்கன் வாழ்கிறது. இரண்டிலும் காணப்படாத வேதிப்பொருள்கள் லைக்கனில் இருக்கின்றன. ஒவ்வொரு லைக்கனுக்கும் மாறாத உருவம் இருக்கிறது. இரண்டு உயிர்கள் தற்செயலாகச் சேர்ந்தால் இத்தனை ஒழுங்கு எப்படி வரும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே.

அறிவோடு உணர்ச்சியும் கலந்திருந்தது. ஷ்வெண்டனர் சொன்னது உண்மையானால், தாவர உலகின் ஒரு முழுப் பிரிவே இல்லை என்று ஆகும். அக்காரியஸ் முதல் மூன்று தலைமுறை அறிஞர்கள் வாழ்நாளைச் செலவிட்டு வகைப்படுத்தியவை தனி உயிர்களே அல்ல என்று ஆகும். அதையும் சொன்னவர் லைக்கன்களைச் சேகரித்துப் பெயரிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். உள்ளமைப்பை அறுத்துப் பார்க்கும் வெளியாள். உயிர் என்றால் ஒருமை, ஒரு விதையிலிருந்து ஒரு செடி என்ற பொதுப்புத்தியையே அவர் அசைத்தார்.

சான்றுகள் சேர்ந்த விதம்

ஷ்வெண்டனர் 1870களின் தொடக்கத்தில் சில மறுப்புகளுக்கு விடை எழுதிவிட்டு, வேறு ஆய்வுக்குத் திரும்பினார். வழக்கை முடித்தவை மற்றவர்களின் சோதனைகள். மாக்ஸ் ரீஸ் 1871இல் ஒரு லைக்கனின் ஸ்போர்களை நாஸ்டாக் பாசியின்மேல் தூவி, அவை முளைத்துப் பாசிக்குள் புகுவதைக் காட்டினார். பிரான்ஸின் எடுவார் போர்னே 1873இல் பல பேரினங்களில் பூஞ்சை இழை பாசியைப் பற்றும் விதத்தை விளக்கினார். எர்ன்ஸ்ட் ஸ்டால் 1877இல் ஸ்போரையும் பாசியையும் சேர்த்து வளர்த்து, கனியுறுப்போடு கூடிய முழு லைக்கனையே உருவாக்கிக் காட்டினார்.

அதே 1877இல் ஆல்பர்ட் ஃபிராங்க், லைக்கன்களைப் பற்றி எழுதும்போது, எசமான், அடிமை என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத ஒரு பொதுச்சொல் தேவை என்று கருதிக் கூட்டுவாழ்வைக் குறிக்கும் சொல்லை ஆண்டார். டி பாரி 1878இல் நிகழ்த்திய உரையில் அதைச் சிம்பயோசிஸ் என்ற பொதுக் கருத்தாக விரித்தார். நம் பாடநூல்களில் வரும் கூட்டுயிர் வாழ்க்கை என்ற தொடரின் பிறப்பிடம் இந்த லைக்கன் விவாதமே.

இவ்விவாதத்துக்கு இலங்கையிலிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய, டி பாரியிடம் பயின்ற ஆங்கிலேயரான மார்ஷல் வார்டு 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அங்கே இலைகளின்மேல் வளரும் ஸ்டிரிகுலா என்ற லைக்கனையும் அவர் ஆராய்ந்தார். இலையில் முதலில் ஒரு பாசி தனியே குடியேறுகிறது. பின்னர் பூஞ்சை வந்து அதைப் பற்றும்போதுதான் லைக்கன் உருவாகிறது என்று கண்டார். இந்த ஆய்வு 1884இல் வெளியானது. இரண்டும் சேருமுன் எப்படி இருந்தன என்பதை இயற்கையிலேயே காட்டியது இதன் சிறப்பு.

செடியைக் கட்டடமாகப் பார்த்தல்

பாசெலில் ஷ்வெண்டனர் எழுதிய அடுத்த பெரிய நூல் 1874இல் வந்தது. ஒருவித்திலைத் தாவரங்களின் உடலமைப்பில் இயந்திரவியல் விதிகள் எப்படிச் செயல்படுகின்றன என்பது அதன் பொருள். மூங்கிலும் புல்லும் காற்றில் வளைந்தும் ஒடியாமல் நிற்பது எப்படி? அவர் தாவர நார்களில் எடைகளைத் தொங்கவிட்டு அளந்தார். மீள்தன்மை எல்லைக்குள் நாரின் தாங்கும் வலிமை தேனிரும்புக்கு ஒப்பாக இருந்தது. வளையும் தண்டில் நார்த்தொகுதிகள் ஓரத்தில் வளையமாக அமைந்திருந்தன. இழுவிசையைத் தாங்க வேண்டிய வேரில் அவை மையத்தில் கயிறுபோல் சேர்ந்திருந்தன. பாலம் கட்டும் பொறியாளர் இரும்பை எங்கே வைப்பாரோ, அங்கேதான் செடியும் நாரை வைத்திருக்கிறது என்று அவர் காட்டினார்.

லைக்கன் ஆய்வையும் இதையும் இணைப்பது ஒரே கேள்வி. இந்தப் பாகம் இங்கே என்ன வேலை செய்கிறது? பெயரிடுவதோடும் வரைவதோடும் நிற்காமல், வேலையைக் கொண்டு அமைப்பை விளக்குவது அவர் வழி. 1877இல் டியூபிங்கனுக்கும் 1878இல் பெர்லினுக்கும் பேராசிரியராகச் சென்றபோது இந்தக் கேள்வியையும் எடுத்துச் சென்றார். இலைகள் தண்டில் அமையும் ஒழுங்கு, இலைத்துளைகள் திறந்து மூடும் இயக்கம் ஆகியவற்றையும் ஆராய்ந்தார்.

மாணவர்களும் தாவரச் சூழலியலும்

எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் சூழலியலுக்குப் பெயர் தந்தார். ஆனால் தாவரங்களில் அதை எப்படி ஆராய்வது என்ற முறை அப்போது இல்லை. ஷ்வெண்டனரின் மாணவர்கள் ஒரு வழியைக் காட்டினார்கள். ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று ஆசிரியர் கேட்டார். எந்த இடத்தில், எந்தத் தட்பவெப்பத்தில் அந்த வேலை தேவைப்படுகிறது என்று மாணவர்கள் கேட்டனர்.

அலெக்சாண்டர் சிர்ச் 1881இல் இலையின் உள்ளமைப்புக்கும் செடி வளரும் இடத்தின் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஜார்ஜ் ஃபோல்கன்ஸ் எகிப்தின் பாலைவனத்துக்குச் சென்று, நீரின்றிச் செடிகள் வாழும் வழிகளை அங்கேயே தங்கிப் பார்த்து 1887இல் நூலாக்கினார். உலர்ந்த செடியை மேசையில் வைத்து ஆராய்வதற்கும், மணலில் நிற்கும் செடியை அதன் வெயிலோடு ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நூல் காட்டியது.

டியூபிங்கனில் ஷ்வெண்டனரிடம் பயின்றவர் காட்லீப் ஹேபர்லாண்ட். திசு வளர்ப்புப் பாடத்தில் நம் மாணவர்கள் படிக்கும் பெயர் இது. தனிச் செல்களை வளர்க்கும் முயற்சியை அவர் 1902இல் வெளியிட்டார். அவர் 1884இல் எழுதிய உடலியங்கு உள்ளமைப்பியல் நூல், திசுக்களை அவை செய்யும் வேலையைக் கொண்டு வகைப்படுத்தியது. ஆசிரியரின் கேள்வி அங்கே ஒரு முழுப் பாடமாகவே வளர்ந்தது. 1891இல் ஹேபர்லாண்ட் ஜாவாத் தீவுக்குச் சென்று மழைக்காட்டுச் செடிகளை ஆராய்ந்தார். டென்மார்க்கின் வார்மிங் 1895இலும், டி பாரியின் மாணவரான ஷிம்பர் 1898இலும் வெளியிட்ட நூல்களோடு தாவரச் சூழலியல் தனித்துறை ஆனது. அதற்கு முன் களம் அமைத்த ஆய்வுகளில் பெர்லின் மாணவர்களின் பங்கு பெரிது. இந்தப் பயணங்கள் பலவும் ஐரோப்பியக் காலனியாட்சியின் பாதைகளையும் பூங்காக்களையும் நம்பியே நடந்தன என்பதும் வரலாற்றில் பதிவு செய்ய வேண்டிய உண்மை.

பிற்காலமும் மறைவும்

ஷ்வெண்டனர் 1887–88இல் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். எல்லாக் கருத்துகளிலும் அவர் வென்றார் என்று சொல்ல முடியாது. உயர்ந்த மரத்தில் நீர் மேலேறுவதற்கு உயிருள்ள செல்களின் உதவி வேண்டும் என்று வாதிட்டார். டிக்சனும் ஜோலியும் 1890களில் முன்வைத்த நீர் மூலக்கூறுகளின் பிணைப்பு விளக்கமே பின்னர் நிலைபெற்றது. இலை ஒழுங்கு பற்றிய அவருடைய அழுத்தக் கோட்பாடும் இன்று முழு விளக்கமாகக் கொள்ளப்படுவதில்லை.

1910இல், 81ஆம் வயதில், பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் அவருடைய மாணவர் ஹேபர்லாண்ட். 1919 மே 27 அன்று, தமது 90ஆம் வயதில், ஷ்வெண்டனர் பெர்லினில் காலமானார்.

வரலாற்றில் இடம்

இரட்டைக் கோட்பாட்டின் பயன் லைக்கனோடு நிற்கவில்லை. இரண்டு உயிர்கள் சேர்ந்து புதிய ஓர் உயிர்போல் இயங்க முடியும் என்ற எண்ணம் மற்ற இடங்களுக்கும் பரவியது. ஷிம்பர் 1883இல் பசுங்கணிகத்தைப் பற்றி அப்படி ஒரு குறிப்பு எழுதினார். லைக்கன்களையும் ஆராய்ந்த ரஷ்யர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல், பசுங்கணிகங்கள் முன்னொரு காலத்தில் செல்லுக்குள் புகுந்த நீலப்பச்சைப் பாசிகளே என்று வாதிட்டார். லின் மார்குலிஸ் 1967இல், மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்து, இந்த அகக்கூட்டுயிர்க் கோட்பாட்டுக்குப் புது உயிர் கொடுத்தார். ரைன்ஃபெல்டன் உரைக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின்.

லைக்கன் பற்றிய கேள்வியும் இன்னும் முடியவில்லை. பாசி தன் உணவில் பெரும்பகுதியைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. அதற்கு ஈடாக எவ்வளவு பெறுகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இருவருக்கும் நன்மை என்போர் உண்டு. கட்டுக்குள் வைக்கப்பட்ட ஒட்டுண்ணி வாழ்க்கை என்போரும் உண்டு. பின்னவர் சொல்வது ஷ்வெண்டனரின் எசமான் உவமைக்கு அருகில் வருகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சில லைக்கன்களின் மேற்புறணியில் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளும் வாழ்வதைக் கண்டது. இரண்டு என்று அவர் எண்ணியது சில இடங்களில் இரண்டுக்கும் மேற்பட்டதாக இருக்கலாம்.

இன்றைய பன்னாட்டுப் பெயரிடும் விதிகளின்படி, ஒரு லைக்கனுக்கு வைக்கப்படும் பெயர் அதிலுள்ள பூஞ்சையையே குறிக்கும். பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. நைலாண்டரும் குரோம்பியும் ஏற்க மறுத்த கருத்து இப்போது ஒவ்வொரு லைக்கனின் பெயரிலும் அடங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பெயரான கல்பாசி பாசியை மட்டும் சொல்கிறது. அறிவியல் பெயர் பூஞ்சையை மட்டும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஷ்வெண்டனர்.